நடுவில் இருப்பவர் மட்டும் ஆடிவிட்டார்

யாராவது பேய்க் கதை பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தினால் இல்லை. நேரம் வீண். ஐந்தாவது வரைதான் படித்தேன். பிறகு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்தேன். பாதி ஆயுசு இருட்டறையில் போனது. சிவப்பு பல்பு வெளிச்சத்தில், மருந்துத் தண்ணீரில், செத்தவர்களின் முகம் மெல்ல மெல்ல மேலே வருவதைப் பார்த்துப் பழகியவன். ஒரு நாளும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவேன்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். இது ராத்திரியில் நடந்ததில்லை, சுடுகாட்டில் நடந்ததில்லை. பகலில், சுற்றி ஆட்கள் நிற்கும்போது நடந்தது. நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். அப்போது நான் எதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கண் ஏமாற்றியது என்று அன்றைக்கே விட்டிருப்பேன்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் படம் எடுப்பது வழக்கம். பிணத்தைக் குளிப்பாட்டி மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். சொந்தக்காரர்கள் சுற்றி நிற்பார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுக்காதவர்களுக்கு அது ஒன்றுதான் படம். இந்த வேலையில் ஒரு சங்கதி உண்டு. வெளிச்சம் கம்மியாக இருந்தால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும், அந்த நேரத்தில் உயிரோடு இருப்பவர்கள் எப்படியும் கொஞ்சம் ஆடிவிடுவார்கள், அழுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், யாராவது கூப்பிட்டால் திரும்புவார்கள், படத்தில் அவர்கள் முகம் கலங்கிப் போகும். பிணம் ஆடாது. நடுவில் அது மட்டும் கல்லில் வெட்டியது மாதிரி விழும். எல்லா சாவுப் படத்திலும் இப்படித்தான். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ரோலில் மட்டும் வேறு மாதிரி.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. ரோட்டோரப் புளியமரங்களை அறுத்து ரோட்டின் குறுக்கே தள்ளினார்கள். பஸ் ஓடவில்லை. கடைகள் திறக்கவில்லை. மரம் விழுந்ததில் கரண்டு கம்பி அறுந்து ஊரே இருட்டில் கிடந்தது. யார் சரி யார் தப்பு என்று பேச நான் ஆளில்லை. ஸ்டுடியோவுக்கு வர வேண்டிய கருப்பு வெள்ளை ரோல் வரவில்லை, அதுதான் எனக்குத் தெரிந்தது. முதலாளி கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

காலையில் ஒரு ஆள் வந்தான். என்னைவிடச் சின்னவன். வேட்டி முழுக்க மண். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் அவன் ஊர். பெயர் சின்னையன்.

"போட்டோ புடிக்கணும்ணா. எங்கண்ணன் பூட்டாரு."

"எப்ப?"

"நேத்து. சந்தைக்கு சாமை கொண்ணாந்தோம். கச்சிராயபாளையம் ரோட்ல மரத்த அறுத்துக்கினு இருந்தாங்க. அது இந்தப் பக்கம் சாயும்னு அறுத்தவனுக்கே தெரியல. எங்கண்ணனுக்கு மட்டும் எப்டி தெரியும்?"

அழவில்லை. கணக்குச் சொல்வது மாதிரி சொன்னான்.

முதலாளி பீடியை வாயிலிருந்து எடுக்காமல் கேட்டார். "கேமராவுல இன்னாடா கீது?"

"கலரு ரோலு. காதுகுத்துக்குப் போட்டது. கடைசியில நாலஞ்சி மிச்சம் இருக்கும்."

"அட. என் கண்ணாலத்துக்கே கருப்பு வெள்ளதாண்டா. பொணத்துக்குக் கலரா?"

"எதுவா இருந்தாலும் சரிங்க," என்றான் சின்னையன். "மொகம் தெரிஞ்சா போதும்."

பிளாஷ் லைட் இருந்தது, அதற்குப் பேட்டரி இல்லை. வாங்கக் கடை இல்லை. முதலாளி போகாதே என்றார். நான் கிளம்பினேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது மேல்.

மலை அடிவாரம் வரை சைக்கிள். விழுந்த மரம் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டோம். சில மரங்களில் இலை இன்னும் வாடவில்லை. ஒரு மரத்தைத் தாண்டும்போது சின்னையன் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வயலில் இறங்கி வந்தான். 

அடிவாரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தோம். அவன்தான் பேசினான். வண்டி கிடைக்கவில்லையாம். டீக்கடைக்காரர் ஒரு மர நாற்காலி கொடுத்தாராம். அண்ணனை அதில் உட்கார வைத்துக் கட்டி, இரண்டு பக்கமும் மூங்கில் கொம்பு சேர்த்து, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து மேலே கொண்டுபோனார்களாம்.

"உக்காந்த மேனிக்கே வெறச்சிட்டாருண்ணா. இனிமே படுக்க வெக்கவும் முடியாது."

கொஞ்ச தூரம் போய் இன்னொன்று சொன்னான்.

"அண்ணிக்கி இது நெறமாசம். அவங்களுக்குத்தான் போட்டோ."

அதன் அர்த்தம் எனக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தது.

சின்ன ஊர். மூங்கில் தட்டியில் மண் பூசின சுவர், மேலே புல் கூரை. வாசலில் பத்து இருபது பேர். மேகம் இறங்கியிருந்தது. பகல் மூன்று மணிதான் இருக்கும், விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருந்தது. வாசல் நடுவில் டீக்கடை நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. மரம் மார்பில்தான் விழுந்திருக்கிறது. அங்கே துணி சுற்றி மேலே சாமந்தி மாலை போட்டு மறைத்திருந்தார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. நல்ல முகம். அகல நெற்றி, தடித்த புருவம், மோவாயில் ஒரு குழி. படம் எடுக்கிறவன் முகத்தைத்தான் முதலில் பார்ப்பான். நானும் பார்த்தேன்.

வீடு எனக்கு இடது கைப் பக்கம் இருந்தது. கேமரா ஸ்டாண்டை நிறுத்த அந்தச் சுவர் ஓரமாகப் போனபோது உள்ளே இருந்து குரல் வந்தது. தட்டியில் மண் உதிர்ந்து ஒரு சந்து இருந்தது. அதன் பின்னால் ஒரு கண்.

"அண்ணா. போட்டோக்கார அண்ணா."

"சொல்லும்மா."

"மொகம் நல்லா தெரியற மாறி புடிங்க. நான் இன்னும் அவரப் பாக்கல. பாக்க வுட மாட்றாங்க. இங்க இருந்து பாத்தா தோளும் மாலையுந்தான் தெரியிது, மொகத்த அவங்க ஆத்தா மறைச்சிக்கினு நிக்கிது."

அவள்தான் அலமேலு. செத்தவரின் பெண்சாதி.

நான் பதில் சொல்வதற்குள் அந்தத் தாயார் பார்த்துவிட்டார். செத்தவரைப் பெற்றவர். வேகமாக வந்து சந்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"வயித்துல புள்ளய வெச்சிக்கினு பொணத்தப் பாக்கக் கூடாது தம்பி. புள்ளைக்கி ஆவாது. ஒரு புள்ளய குடுத்துட்டேன். இன்னொண்ணும் போவணுமா?"

"போட்டோல பாத்தா பரவால்லயா?" என்று உள்ளே இருந்து அலமேலு கேட்டாள். அழுத குரல் இல்லை. சண்டைக் குரல்.

"போட்டோல பாத்துக்கடி. காயிதந்தான அது. எத்தினி தரம் வோணுமோ பாத்துக்க."

எங்கள் பக்கத்திலும் அந்த வழக்கம் உண்டு. பிள்ளைத்தாய்ச்சியைச் சாவு வீட்டுப் பக்கமே விட மாட்டார்கள். நான் அதில் தலையிடவில்லை. "நல்லா தெரியற மாறி புடிச்சிக் குடுக்கறேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள்.

தலை முன்பக்கம் சாய்ந்திருந்தது. முகம் கேமராவுக்கு வரவில்லை. நான் மோவாயைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. பிடரியில் கை வைத்து இன்னொரு கையால் நெற்றியைத் தள்ளினேன். கழுத்து கட்டை மாதிரி இருந்தது. தலையைத் தள்ளினால் உடம்பு மொத்தமும் நாற்காலியோடு சேர்ந்து சாய்ந்தது. அப்படி விறைத்திருந்தது. அதனால் கழுத்தை விட்டுவிட்டு, நாற்காலியின் முன்கால் இரண்டுக்கும் அடியில் கல் வைத்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்ததும் முகம் நேராக வந்தது. என் கையால் செய்தேன். மற்றவர் சொல்லிக் கேட்டதில்லை.

வெளிச்சத்தை அளந்து பார்த்தேன். கால் செகண்டு திறந்து வைத்தால்தான் விழும். உயிரோடு இருக்கிறவர்களுக்கு அது ரொம்ப நேரம். தாயார் பின்னால் நின்று தோளில் கை வைத்தார். சின்னையன் ஒரு பக்கம். பங்காளிகள் இரண்டு பேர். நாற்காலிக்குக் கீழே ஒரு நாய் வந்து படுத்தது, விரட்டியும் போகவில்லை.

"யாரும் அழாதீங்க. கூப்டா திரும்பாதீங்க. மூச்சப் புடிச்சிக்கினு என்னப் பாருங்க."

எல்லோரும் அடங்கினார்கள். மேகம் வந்தால் மலையில் சத்தமே இருக்காது. ஒரு படம் எடுத்தேன். கொஞ்சம் விட்டு இன்னொன்று. மூன்றாவதும் எடுத்தேன். அடுத்ததுக்கு, ரோலை நகர்த்துகிற நெம்புகோலைத் தள்ளினேன், இறுகிவிட்டது. ரோல் தீர்ந்தது.

"முடிஞ்சிதாண்ணா?" என்றான் சின்னையன்.

"முடிஞ்சிது."

நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டாண்டை மடக்கினேன். பின்னால் நாற்காலியைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். யாரோ ஒருவர், "இன்னாடா சின்னையா, குனிஞ்சவன் அப்டியே நின்னுட்ட, தூக்குடா" என்று அதட்டினார். அவ்வளவுதான் கேட்டேன். தூக்கிக்கொண்டு போனார்கள். உட்கார்ந்த மேனிக்கே புதைத்ததாகப் பிறகு சொன்னார்கள். நான் வெளிச்சம் போவதற்குள் இறங்கிவிட்டேன்.

கருப்பு வெள்ளையாக இருந்திருந்தால் மறுநாளே கழுவிப் பார்த்திருப்பேன். கலர் ரோல் எங்களால் கழுவ முடியாது. அதற்கு மருந்து வேறு, மெஷின் வேறு. சேலத்தில் லேபுக்குப் போக வேண்டும். பஸ் இல்லை. ஈரம் ஏறினால் கலர் கெட்டுப்போகும் என்று ரோலை டப்பாவில் போட்டு அரிசிப் பானையில் புதைத்து வைத்தேன். ரோடு திறப்பதும் மறுபடி மூடுவதுமாக நாள் போனது. நடுவில் சின்னையன் ஒரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனான். அண்ணிக்குக் குழந்தை பிறந்துவிட்டது, ஆண் பிள்ளை, தினமும் போட்டோ எங்கே என்று கேட்கிறாள் என்றான்.

பஸ் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் நானே சேலம் போனேன். கழுவிப் பிரிண்டு போட்டு வரும்வரை லேபுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். லேப்காரர் கவரை நீட்டினார். சிரித்த முகமான மனிதர்.

"எல்லாம் நல்லா வந்திருக்குதுங்க. கடைசி மூணுலதான், நடுவுல உக்காந்திருக்கிற மாப்பிள்ள மட்டும் ஆடிட்டாரு. மாலையோட நேரா உக்காந்திருக்கச் சொல்லக் கூடாதாங்க? பொண்ணு அந்தப் பக்கம் நின்னுச்சோ என்னவோ, திரும்பித் திரும்பிப் பாக்கறாரு."

மாலை போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் கல்யாண மாப்பிள்ளை என்று நினைத்துவிட்டார்.

எனக்குப் புரியவில்லை. கவரைப் பிரித்துப் பார்த்தேன்.

தாயார் தெளிவாக இருந்தார். கன்னத்து மருவில் இருந்த முடிகூடத் தெரிந்தது. சின்னையன், பங்காளிகள், நாற்காலிக்கடியில் இருந்த நாய், எல்லாம் தெளிவு. மாலையில் சாமந்தி இதழ் இதழாகத் தெரிந்தது. மாலைக்கு மேலே மட்டும் கலங்கியிருந்தது. முதல் படத்தில் தலை இடது பக்கம் கொஞ்சம் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் இன்னும் கொஞ்சம். மூன்றாவதில் காது முன்னால் வந்துவிட்டது. முகம் வீட்டுச் சுவர்ப் பக்கம். வாய் இருக்கிற இடத்தில் கருப்பாக ஒரு இழுப்பு.

பிரிண்டு போடும்போது தப்பு நடந்திருக்கும் என்று நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். கலர் நெகட்டிவ் பழக்கமில்லாதவர்களுக்குப் பிடிபடாது. மொத்தமும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதில் மனுஷ முகம் நீலம் பாய்ந்து தெரியும், மஞ்சள் சாமந்தியும் நீலமாகத்தான் தெரியும். ஆனால் ஆடியதும் ஆடாததும் அதில் மறையாது. பிரிண்டில் இருந்ததுதான் அதிலும் இருந்தது.

நீங்கள் கேட்கப் போவதை முதலாளியும் கேட்டார். "உசுரு இருந்திருக்கும்டா. பாவிங்க, உசுரோட பொதச்சிட்டானுங்க." இல்லை. மரம் விழுந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் கழுத்தை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தவன் நான். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் பின்னாலும் என் கண்ணுக்கு அந்த முகம் நேராகத்தான் இருந்தது. கேமரா ஆடியிருக்கும் என்றால், கேமரா ஆடினால் எல்லோரும் ஆடியிருப்பார்கள். காற்று என்றால், காற்றுக்கு மாலைதான் முதலில் ஆடும்.

"குடுக்காத," என்றார் முதலாளி. "ரோலு கெட்டுப்போச்சின்னு சொல்லிடு. பச்ச ஒடம்புக்காரி, இதப் பாத்தா இன்னா ஆவா?"

இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பெண்ணுக்குப் புருஷன் முகம் என்று கிடைக்கக்கூடியது உலகத்தில் அந்த மூன்று காகிதம்தான். அதில் முகமே இல்லை. இருந்தாலும் அது அவளுடையது. எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

தாயார் கொல்லைக்குப் போயிருந்தார். சின்னையனும் அவன் பெண்சாதியும் இருந்தார்கள். அலமேலு வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளை முழுசாகப் பார்த்தேன். ஒல்லி. முறம் ஆடுவது நிற்கவில்லை. உள்ளே குழந்தை அழுதது. அவள் எழுந்திருக்கவில்லை. சின்னையன் பெண்சாதிதான் போய் எடுத்தாள்.

"நல்லா வரலம்மா," என்றேன். "மொகம் ஆடிடுச்சி."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கவரில் படங்கள் மாறிக் கிடந்தன. மூன்றையும் தரையில் வைத்தாள். பார்த்தாள். பிறகு இதை எடுத்து அங்கே, அதை எடுத்து இங்கே வைத்து வரிசை செய்தாள். நான் எடுத்த வரிசை. நெகட்டிவில் நம்பர் இருக்கும், பிரிண்டில் இருக்காது. அவளுக்கு அது தெரிய வழியில்லை.

"இது மொதல்ல கூப்டது," என்றாள். "இது ரெண்டாவது. இது மூணாவது."

"இன்னாம்மா கூப்டது?"

"அவரத்தான். அந்த சந்துல வாய வெச்சிக் கூப்டேன். பேரச் சொல்லி."

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். மலையிலும் அப்படித்தான். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

"அதுக்கு முன்ன ஒரு நாளும் சொன்னதில்ல. செத்தவருக்கு இன்னா ஆயிடப் போவுதுன்னு சொன்னேன். வெளிய யாருக்கும் கேக்கல. மொகத்த ஒரு தரம் பாத்துட்டா போதும்னு இருந்துச்சி. ஆத்தா அப்ப பின்னால போயிட்டாங்க, சந்துல பாதி கன்னம் தெரிஞ்சிது. கூப்டேன். கொஞ்சம் திரும்புனாரு. மறுக்காக் கூப்டேன்."

நான் சின்னையனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு படம் எங்கண்ணா?" என்றாள்.

"மூணுதாம்மா எடுத்தேன். ரோலு தீந்துட்சி."

"நாலு தரம் கூப்டேன்."

சின்னையன் எழுந்து போய்விட்டான். நடந்து போகவில்லை, ஓடவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதிரி போனான். நாற்காலியைத் தூக்கக் குனிந்தவன் ஏன் அப்படியே நின்றான் என்று அதற்கப்புறம் அவனை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கள்ளக்குறிச்சி வந்தால் பார்ப்பான், டீ குடிப்பான். அதை மட்டும் கேட்டால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "வேணாண்ணா" என்று போய்விடுவான்.

அன்றைக்கு அவளிடம் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நாலாவது தரம் பாத்தியா?"

"முழுசாத் திரும்பிட்டாரு. பாத்தேன்."

"அப்புறம் இன்னாம்மா. மொகத்தப் பாத்துட்ட இல்ல."

அவள் மூன்று படத்தையும் ஒன்றாக்கிக் கவரில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"அது அவரு மொகம் இல்லண்ணா."

அவ்வளவுதான் சொன்னாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். யார் முகம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். பிரிண்டுகளை வழியில் ஓடையில் போட்டேன். நெகட்டிவைப் போட மனசு வரவில்லை. பழக்கம். நெகட்டிவை எறிய மாட்டோம்.

வருடங்கள் போய்விட்டன. ஸ்டுடியோ இல்லை, முதலாளி இல்லை. நான் வடக்கனந்தலில் என் மகள் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் பைக்கில் ஒருவன் வந்தான். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வெயில் நேரம், தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு யார் என்று சொன்னான். அலமேலுவின் மகன்.

"சின்னையன் சித்தப்பா சாவறதுக்கு முன்னாடி சொன்னாருங்க. எங்கப்பா போட்டோ உங்ககிட்ட கீதுன்னு. ஆடிப்போன போட்டோவாம். இப்ப போன்லயே அதத் தெளிவாக்கிடலாங்க. குடுங்களேன்."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"கேட்டேன். எழுந்து பூட்டாங்க." தண்ணீர்ச் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கம்மா நல்லவங்கதாங்க. சோறு போடுவாங்க, ஒடம்பு சரியில்லன்னா காலடியில குந்திக்கினே இருப்பாங்க. மொகத்த மட்டும் பாக்க மாட்டாங்க. சின்ன வயசுல இருந்தே அப்டித்தான். என் கண்ணாலத்தன்னிக்கி தலையில கை வெச்சாங்க, அப்பவும் கீழதான் பாத்தாங்க. ஊர்ல இன்னா சொல்றாங்கன்னா, நான் அப்படியே எங்கப்பா ஜாடையாம், அதான் அவங்களால தாங்க முடியலையாம். அது நெஜந்தானான்னு நான் பாக்கணும்."

செம்பை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

"எங்கப்பா மொகத்த நீங்க நல்லா பாத்தவருங்க. சொல்லுங்க. நான் அவர மாறியா கீறேன்?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முகம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு குடும்பம் வரிசையாக நின்றால் மூக்கு யாருடையது, மோவாய் யாருடையது என்று சொல்லிவிடுவேன். அவர் முகம் எனக்கு மறக்கவில்லை. அகல நெற்றி, புருவம், மோவாய்க் குழி, ஒன்றுகூட இவனிடம் இல்லை. அலமேலுவிடமிருந்தும் ஒன்று இல்லை. சின்னையன், அந்தத் தாயார், பங்காளிகள், அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவர் சாயலும் இல்லை. கெட்ட முகம் என்று சொல்ல மாட்டேன். மரியாதையாகப் பேசினான், பாவம். நெகட்டிவைத் தேடி வைக்கிறேன், அப்புறம் வா என்று அனுப்பினேன். அது என் பெட்டியில்தான் இருக்கிறது. அவன் திரும்ப வருவான்.

அந்த முகத்தை அதற்கு முன் நான் எங்கும் பார்த்ததில்லை. அலமேலு பார்த்திருக்கிறாள், அந்தச் சந்து வழியாக.